72 மணி நேரமும் ஆறு நாள் பாசியும்

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஒரு அக்கா உள்ளே வந்தார். நேராகக் கவுண்டருக்கு வரவில்லை. ஓரமாக நின்று பிஸ்கட் பாக்கெட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. அந்தப் பையைப் பிடித்திருந்த விரல்களைத்தான் முதலில் கவனித்தேன். நுனியெல்லாம் கீறல், பாதி ஆறியது, பாதி ஆறாதது. கடலுக்குள் முங்கிப் பாசி எடுக்கிற கை. எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். என்னதான் துணி சுற்றிக்கொண்டு இறங்கினாலும் பாறை அறுத்துவிடும்.

"டிவியில காட்டுறாகளே, மறுநாள் போடுற மாத்திரை. அது இருக்காம்மா?"

"ஸ்டாக் இல்லக்கா."

"வேற எங்க கிடைக்கும்?"

"மதுரையில கேட்டுப் பாருங்க."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இனி மதுரைக்குப் போயி எப்ப வாறது" என்று எனக்குக் கேட்கிற மாதிரியும் கேட்காத மாதிரியும் சொன்னார். வெறுங்கையோடு போகக் கூச்சப்பட்டோ என்னவோ, ஒரு பட்டை பாரசிட்டமால் வாங்கிக்கொண்டு போனார். அதற்கப்புறம் அவரை நான் பார்க்கவே இல்லை.

டி.பார்ம் முடித்த கையோடு 2009-ல் ராமநாதபுரத்தில் ஒரு மருந்துக்கடையில் சேர்ந்தேன். ஏழு வருடம் அங்கே இருந்தேன். அந்த ஏழு வருடத்தில் இந்த "ஸ்டாக் இல்லக்கா"வை எத்தனை பெண்களிடம் சொல்லியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்கப் பயமாக இருக்கிறது. மதுரையிலும் லேசில் கிடைக்காது என்பது அப்போதே எனக்குப் பாதி தெரியும். எதையாவது சொல்லி அனுப்ப வேண்டுமே என்று சொன்ன ஊர்ப்பெயர் அது.

சேர்ந்த முதல் வாரமே முதலாளி சொல்லிவிட்டார். "அந்த மாத்திரை மட்டும் வாங்கி வைக்காதம்மா. இன்ஸ்பெக்‌ஷன் வந்தா தேவையில்லாத வம்பு." எந்தச் சட்டத்தில் வம்பு என்று அவருக்கும் தெரியாது, கேட்கிற தைரியம் எனக்கும் இல்லை. ஆனால் படித்தது மறக்கவில்லை. லெவோநார்ஜெஸ்ட்ரல் என்கிற அந்த அவசர கருத்தடை மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று இந்திய அரசு 2005-லேயே அனுமதித்துவிட்டது. 2007-ல் ஐ-பில் என்ற பேரில் அது கடைக்கு வந்து, டிவியில் விளம்பரம் ஓடி, ஊரெல்லாம் பேர் தெரிந்துபோனது. மற்ற மாநிலங்களில் தலைவலி மாத்திரை போல வாங்குகிறார்கள். தமிழ்நாட்டில் மட்டும், சட்டத் தடை எதுவும் இல்லாமலே, கடைகளின் அலமாரியிலிருந்து அது காணாமல் போனது. அதிகாரிகளுக்குப் பயந்த கடைக்காரர்கள் வாங்குவதை நிறுத்தினார்கள். கேட்டால் திட்டு வாங்குவோமோ என்று பயந்த பெண்கள் கேட்பதை நிறுத்தினார்கள். யாரும் கேட்கவில்லையே, எதற்கு வாங்கி வைக்க வேண்டும் என்று கடைக்காரர்களும் இருந்துவிட்டார்கள்.

பணம் இருக்கிறவர்களுக்கு இது பெரிய பாடு இல்லை. பெங்களூரில் தங்கச்சி இருந்தால் கூரியரில் வரும். கார் இருந்தால் தெரிந்த லேடி டாக்டரிடம் போகலாம். நான் எழுதுவது கார் இல்லாதவர்களைப் பற்றி. பாம்பனிலிருந்து மண்டபம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் வரைக்கும் கடலோரமாக இருக்கிற குடிசைகளிலும் ஓட்டு வீடுகளிலும் இருக்கிற பெண்களைப் பற்றி. இந்த மாத்திரைக்கு அரசு பணம் போட வேண்டும் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத, பணம் போடுவது என்றால் என்ன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாங்கிக் கிடங்கில் வைத்தால் போதாது. அந்த மாத்திரைக்கு மணிக்கணக்கு இருக்கிறது, உறவு நடந்த 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

மதினி கதையைச் சொல்கிறேன். ஒன்றுவிட்ட அண்ணன் சம்சாரம். கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது, பேரும் ஊரும் மட்டும் வேண்டாம்" என்றார்.

மதினிக்கு இரண்டு பிள்ளைகள். பதினாறு வயதிலிருந்து பாசிக்குப் போகிறவர். இந்த வேலை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பெண்கள் மாதம் முழுக்கப் பாசி எடுப்பதில்லை. அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மொத்தம் 12 நாள்தான். பாசி திரும்ப வளர வேண்டும், நம் பிள்ளைகளுக்கும் மிஞ்ச வேண்டும் என்று பெண்களே கூடிப் பேசி வைத்துக்கொண்ட கட்டுப்பாடு அது. மீன்பிடித் தடைக்காலத்தில் அதுவும் கிடையாது. ஆக மாதத்தில் 12 நாள் சம்பாத்தியத்தில்தான் மீதி நாட்கள் ஓட வேண்டும். அந்த ஆறு நாளில் ஒரு நாள் போனால் போனதுதான். விட்டதை மறுநாள் பிடிக்க முடியாது, நீரோட்டமும் நிலாவும் நமக்காகக் காத்திருக்காது.

மதினி முன்னால் கருத்தடை ஊசி போட்டுக்கொண்டிருந்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிற அந்தரா ஊசி. அரசு இலவசமாகப் போடுவது, நல்ல ஊசிதான். ஆனால் சிலருக்கு நாள் கணக்கில்லாமல் உதிரப்போக்கு வரும். மதினிக்கு வந்தது. இடுப்பளவு, கழுத்தளவு தண்ணீரில் ஐந்தாறு மணி நேரம் நின்று முங்கி எழுகிறவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். துணி மாற்ற இடம் கிடையாது. உப்புத் தண்ணீரில் தொடையெல்லாம் புண். ஊசியை விட்டுவிட்டார். ஆபரேஷன் செய்துகொள்ளச் சொன்னார்கள். கொஞ்ச நாள் தண்ணீரில் இறங்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று சொன்னதும் "தடைக்காலம் வரட்டும்" என்று தள்ளி வைத்தார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், அமாவாசை நெருங்குகிற ஒரு சனிக்கிழமை ராத்திரி. அண்ணன் கடலிலிருந்து வந்திருந்தார், குடித்திருந்தார். மதினி வேண்டாம் என்றுதான் சொன்னார். அதற்கு மேல் நான் எழுதத் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆறு நாள் பாசி. விடியுமுன் வல்லம் என்கிற நாட்டுப்படகில் ஏற வேண்டும். ஞாயிறு போனார். திங்கள் போனார். செவ்வாய் போனார். மூன்று நாளும் மனசுக்குள் நாள் எண்ணிக்கொண்டே முங்கியிருக்கிறார். "தீட்டு நின்னு பன்னெண்டு நாள்தான் ஆகுதுன்னு எனக்கே தெரியுது ஆத்தா. ஆனா வல்லத்துல எடம் போயிருச்சுன்னா அரிசிக்கு யாருகிட்ட போயி நிக்க?" செவ்வாய் ராத்திரி பாசியைக் காயப் போட்டுவிட்டு, பிள்ளைகள் தூங்கினபிறகு என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

அந்த நேரத்தில் நான் போட்ட கணக்கு இது. சனி ராத்திரி பதினொரு மணி என்றால் செவ்வாய் ராத்திரி பதினொரு மணிக்கு 72 மணி நேரம் முடிகிறது. நாங்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது மணி பத்தரை.

மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்பதை அன்றைக்கு அவருக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் என்ன நடக்கும்? மீன்துறை டோக்கன் தராது, படகு கிளம்பாது. காற்று அடங்குகிற வரைக்கும் கரையிலேயே கிடக்கும். இந்த மாத்திரை அந்தக் கூண்டு. பெண்ணின் கருமுட்டை கிளம்புவதைச் சில நாள் தள்ளிப் போடும். ஆணின் விந்தணு உடம்புக்குள் ஐந்து நாள் வரைக்கும் உயிரோடு இருக்கும். அது செத்துப்போகிற வரைக்கும் முட்டை வெளியே வராமல் இருந்தால் கரு உண்டாகாது. அவ்வளவுதான். ஏற்கனவே கிளம்பிப் போன படகைக் கூண்டு திருப்பிக் கொண்டுவராது. அதுபோல முட்டை கிளம்பிய பிறகு மாத்திரை போட்டுப் பெரிய பலன் இல்லை. அதனால்தான் 72 மணி நேரத்துக்குள் என்று அட்டையில் போட்டிருக்கிறது. 72 மணி நேரம் இருக்கிறதே என்று காத்திருக்கலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. முதல் நாள் போடுவதும் மூன்றாம் நாள் போடுவதும் ஒன்றல்ல.

இதிலேயே இன்னொன்றும் விளங்கும். இது கருக்கலைப்பு மாத்திரை இல்லை. கரு கலைப்பதற்கான மருந்துகள் வேறு, மிஃபெப்ரிஸ்டோனும் மிசோப்ரோஸ்டாலும். அவற்றை மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும். லெவோநார்ஜெஸ்ட்ரல் தங்கிவிட்ட கருவை ஒன்றும் செய்யாது, கலைக்கவும் செய்யாது, கெடுக்கவும் செய்யாது. கடைக்காரர்கள் முதல் பெரிய படிப்புப் படித்தவர்கள் வரைக்கும் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். என் முதலாளி சொன்ன அந்த "வம்பு"க்கும் இந்தக் குழப்பம்தான் மூலகாரணம் என்று நினைக்கிறேன். கருவே தங்காமல் பார்த்துக்கொள்கிற மருந்தை ஒளித்து வைத்தால், பிறகு கலைக்கிற மருந்தைத் தேடித்தானே பெண் அலைய வேண்டும்?

மறுநாள் புதன்கிழமை, தடுப்பூசி நாள். துணை சுகாதார நிலையத்தில் நர்சம்மா கட்டாயம் இருப்பார். மதினி வல்லத்துக்குப் போகவில்லை. காலையிலேயே போய் நின்றோம். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்த தாய்மார்கள் கலைகிற வரைக்கும் காத்திருந்து மெதுவாகச் சொன்னோம். நர்சம்மா நல்ல மனுஷி. திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. அலமாரியைத் திறந்து காட்டினார். மாலா என் என்கிற தினசரிக் கருத்தடை மாத்திரை இருந்தது, ஆணுறை இருந்தது, இரும்புச்சத்து மாத்திரை பெட்டி பெட்டியாக இருந்தது. "ஈஸி பில் எட்டு மாசமா வரலம்மா. நான் எழுதி அனுப்பிக்கிட்டுத்தான் இருக்கேன்."

ஈஸி பில் என்பது அரசு கொடுக்கிற அதே அவசர மாத்திரை. இதுதான் என்னை உலுக்குகிற விஷயம். அரசு பணம் போடவில்லை என்று சொல்ல முடியாது. 2011-ல் மத்திய அரசு ஒரு திட்டம் போட்டது. ஆஷா என்கிற ஊர்ச் சுகாதாரப் பணியாளர் வீடு வீடாகப் போய் கருத்தடைச் சாதனங்கள் கொடுப்பார், மூன்று ஆணுறைக்கு 1 ரூபாய், ஒரு மாத மாத்திரைக்கு 1 ரூபாய், அவசர மாத்திரை ஒன்றுக்கு 2 ரூபாய். 2 ரூபாய்! மஞ்சள் பையோடு வந்த அந்த அக்கா நாள் முழுக்க முங்கிச் சம்பாதித்ததில் இது ஒரு துளி. ஆனால் தமிழ்நாட்டில் ஆஷாக்கள் பெரும்பாலும் மலைவாழ் மக்கள் இருக்கும் பகுதிகளில்தான். நம் கடற்கரையில் அந்த வேலையெல்லாம் கிராம சுகாதார செவிலியர் தலையில். கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசி, பிரசவத் தொடர்ச்சி, ஆயிரம் ரெஜிஸ்டர். ஒரு நர்சம்மா எத்தனை ஊர் பார்ப்பார்? திட்டத்துக்குப் பணம் இருந்தது, எங்கள் ஊருக்கு நடந்து வரக் கால் இல்லை.

நர்சம்மாதான் வழி சொன்னார். "நாலு நாள்தானே ஆகுது? அஞ்சு நாளைக்குள்ள காப்பர் டி போட்டா கரு தங்காது. பெரிய ஆஸ்பத்திரிக்கு இன்னைக்கே போயிருங்க." அவர் சொன்னது முழுக்கச் சரி. அவசர கருத்தடையில் மாத்திரையைவிட நிச்சயமான வழி கர்ப்பப்பைக்குள் வைக்கிற காப்பர் டி-தான். ஐந்து நாள் வரைக்கும் நேரம் உண்டு. போட்டுக்கொண்டால் வருடக்கணக்கில் வேறு கவலையும் இல்லை. அரசு மருத்துவமனையில் இலவசம். ஆனால் அதற்கு ஒரு மருத்துவரோ பயிற்சி பெற்ற செவிலியரோ வேண்டும், ஒரு அறை வேண்டும், ஒரு நாள் வேண்டும்.

பெண்களுக்கு இலவசமான பிங்க் பஸ்ஸுக்காக முக்கால் மணி நேரம் நின்றோம். முன்னால் போன பஸ்ஸில் ஏறியிருக்கலாம், காசு கொடுக்க வேண்டும். மதினி மாட்டேன் என்றுவிட்டார். பஸ் வந்தது, ஏறினோம், கண்டக்டர் மகளிர் சீட்டு இரண்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். எங்கே போகிறீர்கள், எதற்குப் போகிறீர்கள், கல்யாணம் ஆகிவிட்டதா, வீட்டுக்காரருக்குத் தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த மதினியின் கையில் அந்தச் சீட்டு இருந்தது. 2021 மே மாதத்திலிருந்து இந்த மாநிலம் பெண்களுக்காக இப்படிப் பணம் செலவழிக்கிறது. காரணம் கேட்காமல் செலவழிக்கிறது. கோயிலுக்குப் போகிறாளா, வேலைக்குப் போகிறாளா, அம்மா வீட்டுக்குக் கோபித்துக்கொண்டு போகிறாளா என்று அரசு கேட்பதில்லை. மகளிர் உரிமைத் தொகையும் அப்படித்தான் கணக்கில் விழுகிறது. இந்த மாத்திரையும் அந்தச் சீட்டுப் போலக் கைக்கு வந்துவிடக் கூடாதா என்று அன்றைக்கு பஸ்ஸில் தோன்றியதுதான், இரண்டு வருடம் கழித்து எழுதவைத்திருக்கிறது.

மருத்துவமனையில் கேள்விகள் இருந்தன. சீட்டு போடுகிற இடத்தில் ஒன்று, புறநோயாளிப் பிரிவில் இரண்டு. "வீட்டுக்காரர் வரலையா? அவர் கையெழுத்து வேணுமே." தற்காலிகக் கருத்தடைக்குக் கணவர் கையெழுத்து தேவையே இல்லை. அதை நான் சொன்னதும் "நீ யாரும்மா வக்கீலா?" என்றார் ஒரு ஊழியர். இன்னொருவர் "தீட்டு வந்த மூணாம் நாள் வாங்க, அப்பத்தான் காப்பர் டி போடுவோம்" என்று திருப்பி அனுப்பப் பார்த்தார். மதினி எழுந்துவிட்டார். "வா ஆத்தா, போயிருவோம்." நான் மட்டும் உடன் போயிருக்காவிட்டால் அவர் அப்போதே வீடு திரும்பியிருப்பார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எத்தனை பேர் அப்படித் திரும்பியிருப்பார்கள்!

உள்ளேயிருந்து ஒரு இளம் மருத்துவர் வந்தார். "எத்தனை நாள் ஆச்சு?" "நாலு." "சரி, உள்ள வாங்க." அவ்வளவுதான் பேச்சு. சிறுநீர்ப் பரிசோதனை பார்த்து, காப்பர் டி போட்டு, ரத்தப்போக்கு அதிகமானால் வரச் சொல்லி, நல்லபடியாக அனுப்பினார். அந்தப் பெண் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு மதினி அழுதுவிட்டார்.

இலவசமாகக் கிடைத்த அந்தச் சிகிச்சைக்கு மதினி கொடுத்த விலையைக் கூட்டிப் பார்த்தேன். புதன்கிழமைப் பாசி போனது. இடுப்பு வலியில் வியாழனும் போனது. வல்லத்தில் அவர் இடத்துக்கு வேறு ஆள் ஏறிக்கொண்டதால் வெள்ளியும் போனது. ஆறு நாளில் மூன்று நாள். ஞாயிறு காலையில் இடுப்பில் பாசிப் பையைக் கட்டுவதற்கு முன்னால் ஒரு மாத்திரையை முழுங்கியிருந்தால் இதில் ஒரு நாள்கூடப் போயிருக்காது. ஏழைப் பெண்ணுக்கு இலவசம் என்று நாம் சொல்கிறபோது அவளுடைய நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

அதனால் என் மனதில் இருப்பது ஒரே ஒரு கோரிக்கை. மாத்திரை முன்கூட்டியே வீட்டில் இருக்க வேண்டும். தேவை வந்த பிறகு தேடுகிற பொருளாக இருக்கக் கூடாது. நர்சம்மா கருத்தடை பற்றிப் பேசுகிற ஒவ்வொரு பெண்ணிடமும், ஊசி போடுகிறவரோ, மாத்திரை எடுக்கிறவரோ, பிரசவம் முடிந்து வீட்டுக்குப் போகிறவரோ, "இதை வச்சுக்கம்மா, தேவைப்பட்டாப் போட்டுக்க" என்று ஒரு அட்டை கொடுத்துவிட வேண்டும். வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டை முன்கூட்டியே கொடுத்து வைப்பதில்லையா? அப்படி. இது என் சொந்த யோசனையும் இல்லை. உலகத்தில் பல இடங்களில் முன்கூட்டிக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கையில் மாத்திரை இருக்கிற பெண்கள் சீக்கிரம் போடுகிறார்கள். கையில் இருக்கிறதே என்பதற்காக அவர்கள் வழக்கமான கருத்தடையைக் கைவிட்டுவிடவும் இல்லை.

இதற்குப் புதிதாகக் கட்டடம் வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. என் அம்மாவுக்கு வருகிறது. கொண்டுவருகிறவர் எங்கள் தெருப் பெண்தான். அந்தப் பையில் இன்னொரு சின்ன அட்டைக்கு இடம் இல்லாமலா போகும்? மாநிலத்துக்கு மருந்து வாங்குவதற்கென்றே 1994-லிருந்து ஒரு கழகம் இருக்கிறது. மொத்தமாக வாங்கினால் இந்த மாத்திரை எவ்வளவு மலிவு என்று மருந்துக்கடையில் இருந்த எனக்குத் தெரியும். ராமநாதபுரத்தை மத்திய அரசு 2018-ல் முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில் சேர்த்தது, 2022-ல் மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. பெரியதெல்லாம் வந்திருக்கிறது. எட்டு மாதம் ஒரு அலமாரியில் ஒரு மாத்திரை இல்லாமல் இருப்பதுதான் இன்னும் மாறவில்லை.

நம் மாநிலத்தின் குடும்ப நலம் பெரும்பாலும் ஆபரேஷனை நம்பியே நிற்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இங்கே குழந்தை பெறும் வயதிலுள்ள திருமணமான பெண்களில் பாதிக்கும் மேல் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். பிள்ளை போதும் என்று முடிவெடுத்தவருக்கு எல்லா வசதியும் உண்டு. முடிவெடுக்காதவர், இரண்டு பிள்ளைக்கு நடுவில் இருப்பவர், கல்யாணமே ஆகாதவர், இவர்களுக்கு என்ன இருக்கிறது? கீழக்கரைப் பக்கம், தொண்டிப் பக்கம் எத்தனை வீட்டு ஆண்கள் சவுதியிலும் துபாயிலும் இருக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாதம் லீவில் வருவார்கள். அந்த வீட்டுப் பெண் வருடம் முழுக்க மாலா என் போட வேண்டுமா? ஊசி போட வேண்டுமா? எதற்கு? ஆள் வந்து இறங்கின முதல் வாரத்தில்தான் அவளுக்குத் தேவை, அந்த வாரத்தில்தான் அவளால் வீட்டை விட்டு நகர முடியாது. மாமியார், நாத்தனார், வருகிற போகிற சொந்தம், பிரியாணிச் சட்டி. அந்த வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக என்ன காரணம் சொல்வாள்?

மாலா என் பற்றிச் சொன்னதும் ஒன்று நினைவுக்கு வருகிறது, இதைச் சொல்லாமல் விட்டால் நான் படித்த படிப்புக்கு அர்த்தம் இல்லை. அவசர மாத்திரை கிடைக்காத இடத்தில், சாதாரணக் கருத்தடை மாத்திரையையே அவசரத்துக்குப் பயன்படுத்தும் முறை ஒன்று உண்டு. 1970-களில் ஆல்பர்ட் யுஸ்பே என்ற கனடா மருத்துவர் கண்டறிந்தது. மாலா என் என்றால் 72 மணி நேரத்துக்குள் நான்கு மாத்திரை, 12 மணி நேரம் கழித்து இன்னும் நான்கு. அட்டையில் இருக்கிற 28-ல் ஹார்மோன் மாத்திரை 21-தான், மீதி ஏழு இரும்புச்சத்து. அந்த ஏழும் இதற்கு உதவாது, நிறம் பார்த்து நர்சம்மாவிடம் கேட்டு எடுக்க வேண்டும். குமட்டல் அதிகம், பலன் அவசர மாத்திரையைவிடக் குறைவு. ஒன்றுமே இல்லாததற்கு இது எவ்வளவோ மேல். பாரசிட்டமால் வாங்கிக்கொண்டு போன அந்த அக்காவிடம் இதைச் சொல்லி, பக்கத்து சுகாதார நிலையத்துக்கு அனுப்பியிருக்கலாம். எனக்குத் தெரிந்திருந்தது. நான் சொல்லவில்லை.

சின்னச் சின்ன விவரங்களும் மாத்திரையோடு சேர்ந்து போக வேண்டும். போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் திரும்பப் போட வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுக்கிறவருக்கும், வலிப்புக்குச் சில மாத்திரைகள் எடுக்கிறவருக்கும் இதன் பலன் குறையும், அவர்களுக்குக் காப்பர் டி-தான் நல்லது. அடுத்த தீட்டு முன்னே பின்னே வரலாம், ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் பரிசோதிக்க வேண்டும். பால் கொடுக்கிற தாய் போடலாம். பின்னால் பிள்ளை பிறப்பதை இது தடுக்காது. மாதா மாதம் இதையே நம்பியிருக்கவும் கூடாது, தினசரிக் கருத்தடை அளவுக்கு இது காக்காது, நோய்த்தொற்றையும் தடுக்காது. இதையெல்லாம் தமிழில், பெரிய எழுத்தில், படம் போட்டு ஒரு துண்டுச்சீட்டில் அச்சடிக்கலாம்.

"சும்மா கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போகும்" என்று எங்கள் ஊரிலும் சொல்வார்கள், தெரியும். என் சின்ன வயதில் நாப்கின் என்ற வார்த்தையையே கடையில் சொல்ல மாட்டோம். செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டு, திருட்டுப் பொருள் மாதிரி வீட்டுக்குக் கொண்டுவருவோம். 2012-ல் அரசு புதுயுகம் என்று பெயர் வைத்து இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. இன்றைக்கு அங்கன்வாடி அம்மா பெண்பிள்ளைகளின் பேரைக் கூப்பிட்டுக் கையில் கொடுக்கிறார், பிள்ளைகளும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொள்கிறார்கள். அரசு தன் கையால் கொடுக்கத் தொடங்கியதும் பாதி வெட்கம் போய்விட்டது. மதம் இதற்கு இடம் தராது என்று நினைக்கிறவர்கள் எங்கள் கடற்கரையில் உண்டு, அவர்கள் நம்பிக்கைமேல் எனக்கு மரியாதையும் உண்டு. வேண்டாம் என்பவர் வாயில் யாரும் மாத்திரையைத் திணிக்கப்போவதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் கிடைக்கக் கூடாது என்று சொல்ல மட்டும் அவர்களுக்கு உரிமை இல்லை.

பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு எந்த மருத்துவமனையும் இலவச சிகிச்சை தர வேண்டும் என்பது 2013 முதல் சட்டம். மத்திய சுகாதாரத் துறையின் 2014 வழிமுறைகளில் அவசர கருத்தடையும் அதில் ஒரு பகுதி. ஆனால் சொந்த வீட்டில், தாலி கட்டியவரிடம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கப்படாதவர், வன்முறைக்கு ஆளானவள் என்று சொல்லிக்கொண்டு எந்த ஆஸ்பத்திரி வாசலிலும் போய் நிற்கமாட்டார். மதினி நிற்கவில்லை. அண்ணன்மீது எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை, அது வேறு கதை. அந்த மாதிரி ஒரு ராத்திரிக்கு மறுநாள் காலையில் ஒரு பெண்ணுக்கு யாரிடமும் எதையும் விளக்கத் தேவையில்லாத ஒரு வழி வேண்டும்.

நர்சம்மா விடாமல் எழுதிக்கொண்டே இருந்ததில், போன வருடம் தை மாதம் எங்கள் நிலையத்துக்குக் கொஞ்சம் ஈஸி பில் வந்தது. நானும் நர்சம்மாவும் பாசிக்குப் போகிற பெண்களை மரத்தடியில் உட்காரவைத்துப் பேசினோம். புயல் கூண்டுக் கதையைச் சொன்னதும் ஒரு ஆத்தா, அறுபது வயதிருக்கும், "இது அப்பவே இருந்திருந்தா நான் ஏழு பெத்திருக்க மாட்டேன்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு போனார்கள். முக்கால்வாசிப் பேர் அதைப் பாசிக் கண்ணாடியும் விரல் துணியும் வைக்கிற டப்பாவில்தான் வைத்திருக்கிறார்கள். ஆண்கள் திறக்காத டப்பா அது.

வந்தது இரண்டு மாதத்தில் தீர்ந்தது. அப்புறம் வரவில்லை.

போன வாரம் மதினி வந்தார். தொண்டிப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிற அவர் தங்கச்சி மகளுக்குக் கைக்குழந்தை, எட்டு மாதம். புருஷன் குவைத்திலிருந்து லீவில் வருகிறார். "பதினெட்டாம் தேதி பிளேனாம். அதுக்குள்ள நர்சம்மாகிட்ட ரெண்டு வாங்கிக் குடுத்துவிடணும் ஆத்தா."

இன்றைக்குத் தேதி பதினொன்று. புதன்கிழமை. நிலையம் திறந்திருக்கும். இதைப் பதிவேற்றிவிட்டு அங்கேதான் போகிறேன்.